ஆணி இல்லாத வாய்

எங்கள் தெருக் குஷன்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வாயைத் திறந்து பேசினார். இதிலென்ன அதிசயம் என்று வெளியாட்கள் கேட்கலாம். வேலை நேரத்தில் அவர் பேசி இந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. அவருடைய வேலை நேரமோ, காலைக் காப்பி முடிந்ததும் தொடங்கி இரவுச் சாப்பாட்டுத் தட்டு வைக்கிறவரை ஓடும்.

காரணம் ஆணி. பழைய சோபா, நாற்காலி, வண்டிச் சீட்டு என்று எது வந்தாலும் உறையைப் பிரித்து, தேங்காய்நாரையும் ஃபோமையும் மாற்றி, புதுத் துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பது அவர் தொழில். இழுக்க ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை. ஆணி எடுத்துக் கொடுக்க மூன்றாவது கையை ஆண்டவன் வைக்கவில்லை. அதனால் சின்ன ஆணிகளை ஒரு பிடி அள்ளி இடது கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குக் கொண்டுவருவார். காந்தம் வைத்த சுத்தியலால் அதை ஒற்றியெடுத்து, டக். அடுத்தது, டக். பார்க்கப் பார்க்க அலுக்காது. நான் மாடி ஜன்னலிலிருந்து பல வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு அலுக்கவில்லை.

வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால் புருவம் பதில் சொல்லும். இரண்டும் ஏறினால் ஆகும். இரண்டும் இறங்கினால் ஆகாது. ஒன்று மட்டும் ஏறினால் அடுத்த வாரம். பேச வேண்டியதையெல்லாம் அவர் மனைவி பேசிவிடுவாள். அவளுக்கு இந்தத் தெருவில் ஒலிபெருக்கி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று ஒரு வதந்தி உண்டு. நான் மறுத்ததில்லை.

அப்படிப்பட்ட மனுஷர் அன்று காலை கடை வாசலில் நின்று, அண்ணாந்து என் ஜன்னலைப் பார்த்து, "அக்கா, உங்க தொட்டியில அந்தச் செகப்புப் பூ வாடுது. தண்ணி ஊத்தக் கூடாதா?" என்றார்.

நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் கீழே விழுந்திருப்பேன்.

அதோடு நிற்கவில்லை. மளிகைக்கடைக்காரரிடம், "உங்க பையன் பாட்டு கத்துக்கறான்ல, வேணாம், வேற ஏதாவது கத்துக்கொடுங்க" என்றாராம். மூலை வீட்டுத் தையல்காரியிடம், "நீ ரொம்ப நல்ல பொண்ணு, ஆனா காலர் மட்டும் உனக்கு வராது" என்றாராம். யாரையும் புண்படுத்தும் குரலில்லை. போகிற போக்கில், மறந்துவிடப் போகிறோம் என்ற அவசரத்தில் சொல்கிறவர் போல.

தெரு ரெண்டு பட்டது. எங்கிருந்தோ சொத்து வந்திருக்கிறது, அந்தத் திமிர் என்றார் மளிகைக்கடைக்காரர். காதல் என்றாள் தையல்காரி. எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல், "மனுஷன் பேசினா பேசிட்டுப் போறான். உனக்கென்ன?" என்றார்.

"முப்பது வருஷமா பேசாதவர் பேசறார்ங்க. காரணம் வேணாமா?"

"நீ முப்பது வருஷமா நிறுத்தாம பேசறே. யாராவது காரணம் கேட்டாங்களா?"

இவரிடம் பேசிப் பயனில்லை. விசாரணைக்கு எனக்கு ஒரு முக்காலி போதும். சமையலறையில் இருந்த முக்காலியின் மெத்தைத் தையலைக் கத்தரிக்கோலால் லேசாகப் பிரித்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

குஷன்காரர் முக்காலியைத் திருப்பிப் பார்த்தார். "கத்திரிக்கோல் புதுசா அக்கா? நல்லா வெட்டுது."

நான் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டு கண்ணை மட்டும் வேலை செய்ய விட்டேன். ஆணிகள் வாயில் இல்லை. ஒரு காப்பித் தட்டில் கிடந்தன. ஒவ்வொன்றாக விரலால் தேடி எடுத்தார், பாதி கீழே விழுந்தது. கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. சுத்தியல் அங்கே இறங்கியிருக்கிறது. இடையிடையே அடிக்கோலின் விளிம்பால் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டார். ஆனால் அதை மழைக்கு முன்னாலிருந்தே செய்கிறார், அதில் செய்தி ஒன்றுமில்லை. செய்தி எதில் என்றால், துணிச் சுருளுக்குப் பின்னால் ஒரு உடைந்த கண்ணாடித் துண்டும் பக்கத்தில் ஒரு டார்ச்சும் இருந்தன. நாற்காலி தைக்கிறவருக்கு எதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி? தையல்காரி சொன்னது சரிதானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அதற்குள் ஒலிபெருக்கி பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, கண்ணாலேயே என்னை உள்ளே இழுத்தாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. அடுக்களைக் கதவைச் சாத்தினாள். அவள் குரல் தாழ்த்திப் பேசியதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு."

"என்னம்மா?"

"நேத்து என்னைப் பாத்து, நீ சிரிச்சா நல்லாருக்குங்கறார்."

"நல்லதுதானே?"

"இத்தனை வருஷத்துல இல்லாத நல்லது திடீர்னு வந்தா அது நல்லதா அக்கா? யாரோ சொல்லிக் குடுத்திருக்கா." விரலை மடக்க ஆரம்பித்தாள். "காப்பியை ஆற வச்சுக் குடிக்கிறார். காரம் வேணாங்கறார். தக்காளி வேணாங்கறார். ஆரஞ்சுச் சுளையை வாயில வச்சுட்டு அப்படியே துப்பிட்டார். உடம்பு எளைச்சிருக்கு. கண்ணாடி வேற பாக்கறார். இந்த வயசுல யாருக்காகக்கா அழகு பண்றார்?"

"நான் கேக்கறேன்" என்றேன். எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கடைக்குத் திரும்பி வந்தபோது அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். ஒரு கையில் டார்ச், மறு கையின் விரல் கன்னத்துக்குள். கண்ணாடித் துண்டைத் துணிச் சுருளில் சாய்த்து வைத்திருந்தார்.

"பல்வலியா தம்பி?"

டார்ச் கீழே விழுந்து உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை. பாதி பிரித்த சோபாவின் மேல், வெறும் சட்டத்தின் மேல் உட்கார்ந்தார்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

இந்த வார்த்தையை அவர் என்னிடம் சொல்கிறார் என்றால் எவ்வளவு கலங்கிப் போயிருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வாயைத் திறந்து இடது கன்னத்தை இழுத்துக் காட்டினார். நான் டார்ச்சைப் பிடித்தேன். உள்தோலில் வெள்ளையாக, மெல்லிய நூலால் பின்னின மாதிரி கோடுகள். நடுவில் ஒரு இடம் மட்டும் தோல் உரிந்த சிவப்பு.

"எவ்வளவு நாளா?"

"தெரியல. எரிய ஆரம்பிச்சப்புறம்தான் பாத்தேன். மருந்துக்கடையில வாய்ப்புண்ணுன்னு ஏதோ தடவக் குடுத்தாங்க. போகல." விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "எங்க அண்ணனுக்கும் கன்னத்துலதான்க்கா ஆரம்பிச்சுது. அவனும் இதே தொழில். ஆணிதான் அரிச்சுடுச்சுன்னு வீட்ல சொன்னாங்க. முதல்ல கன்னத்துல ஒரு பாதி எடுத்தாங்க. அப்புறம் நாக்கு. கடைசி ஒரு வருஷம் பேச்சே கிடையாது. அவனுக்கு எழுதவும் வராது. சாக்கட்டியால தரையில படம் போட்டுக் காட்டுவான். தண்ணி வேணும்னா தம்ளர். நான் வரணும்னா சுத்தியல்."

நான் டார்ச்சை அணைத்தேன்.

"அவன் எவ்வளவோ சொல்ல நெனைச்சிருப்பான். சுத்தியலையும் தம்ளரையும் வச்சுக்கிட்டு என்னத்தைச் சொல்றது? அதான், நாக்கு இருக்கறப்பவே சொல்ல வேண்டியதைச் சொல்லிடலாம்னு. எனக்கு நெறைய பாக்கி இருக்குக்கா. வாய்ல எப்பவும் ஆணி."

"அதுக்காக என் பூ வாடறதைக் கூடவா?"

"அது நாலு வருஷமா வாடுது" என்றார் அவர், மிகவும் சீரியஸாக.

டாக்டரிடம் போகச் சொன்னேன். போனால் அந்தப் பேரைச் சொல்லிவிடுவார்களாம். போகாவிட்டால் சொல்லமாட்டார்களாம். இது ஒரு கணக்கு. இதை எத்தனை பேர் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலேயே ஒருவர் ரத்த அழுத்தத்துக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ரகசியத்தைக் கடையிலிருந்து அடுக்களை வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோனேன். அதற்கு மேல் வைத்துக்கொள்ள என்னிடம் இடமில்லை.

ஒலிபெருக்கி முழுவதையும் கேட்டாள். அடுப்பை அணைத்தாள். "அப்ப வேற பொம்பளை இல்லியா?"

"இல்லம்மா."

"அப்பாடா" என்றாள். சொன்ன பிறகுதான் மற்றது அவளுக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கே அவரைத் தெருமுனைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்னப் பையன், புதுத் தாடி. குஷன்காரர் தானே இடது கன்னத்தை விரலால் இழுத்து, "இங்க, ஆணி வைக்கிற இடம்" என்றார். டாக்டரும் அங்கேயே பார்த்தார். ஆணி உரசி உரசிக் காய்த்திருக்கலாம், வேறு மாதிரியும் இருக்கலாம், கேன்சரா இல்லையா என்று சதையைத் துளி எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும், பெரிய ஆஸ்பத்திரியில் வாய் நோய்ப் பிரிவுக்குப் போங்கள் என்றார். பொறுப்பாகத்தான் சொன்னார். ஆனால் அத்தனை வார்த்தையில் குஷன்காரர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று.

"ஒரு சோபாவை முடிச்சுக் குடுத்துட்டு அடுத்த வாரம் போறேன்" என்றார். ஒரு புருவம் ஏறியிருந்தது.

மனைவி கடை ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டாள். "அந்தப் புருவத்தை வேற யார்கிட்டயாவது காட்டுங்க. அடுத்த வாரம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நடங்க."

நானும் போனேன். அவர்களுக்கு வழி தெரியாது என்பதால். வழி பஸ் டிரைவருக்குத் தெரியும்தான், இருந்தாலும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டாமா?

மூன்றாவது மாடி. பெரிய நாற்காலி, தலைக்கு மேல் விளக்கு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்த ஒரு லேடி டாக்டர். குஷன்காரர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் சீட்டின் தையலைத் தடவிப் பார்த்தார். பயத்திலும் தொழில் விடவில்லை.

"புகையிலை, பாக்கு, சிகரெட், குடி ஏதாவது?"

"எதுவும் இல்லீங்க. ஆணி மட்டும்."

"வீட்ல யாருக்காவது வாய்ல கேன்சர்?"

"அண்ணனுக்கு. ஆணியால."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "ஆணியாலன்னு யார் சொன்னா? அவர் புகையிலை போடுவாரா?"

"அது போடுவான். ஒரு பக்கம் ஆணி, ஒரு பக்கம் புகையிலை."

"ஆணி எந்தப் பக்கம்?"

"எங்க வீட்ல எல்லாருக்கும் இடது."

"புண்ணு எந்தப் பக்கம் வந்துது?"

குஷன்காரரின் கை தானாக எழுந்து தன் வலது கன்னத்தைத் தொட்டது. இத்தனை வருஷமாக அந்தக் குடும்பம் ஒரு பாவமும் அறியாத ஆணியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் அண்ணன் முகத்தை மனதுக்குள் கொண்டுவந்து எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. பார்க்க யாருக்குத் தைரியம் இருந்திருக்கும்?

"சரி" என்றார் டாக்டர் மெதுவாக. "உங்களுக்கு வாயைத் தவிர வேற எங்கயாவது தடிப்பு, அரிப்பு?"

"இல்லீங்க."

நான் பேசக் கூடாது என்றுதான் சுவரோரமாக நின்றிருந்தேன். "டாக்டர், பொய்" என்று என் வாய் சொன்னது. "ரெண்டு மணிக்கட்டையும் சொறிஞ்சுக்கிட்டே இருக்கார். மழைக்கு முன்னாடிலேருந்து. அடிக்கோலால. சாயங்காலமானா அதிகம்."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க யாரு?"

"எதிர் வீடு."

"ஓ. வேற என்னல்லாம் பார்த்தீங்க?" என்றார் டாக்டர். என் வாழ்க்கையில் இந்தக் கேள்வியை மரியாதையாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

குஷன்காரருக்குக் கோபம். "அது அரிப்பு இல்லீங்க டாக்டர். நாரு. நாரைப் பிரிச்சா எங்க தொழில்ல எல்லாருக்கும்தான் பிடுங்கும். அதைப் போய் அரிப்புன்னு யாராவது ஆஸ்பத்திரில சொல்வாங்களா?"

"கையைக் காட்டுங்க."

முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினார். மணிக்கட்டின் உட்புறத்தில் தட்டையாக, பளபளவென்று, நாவல்பழ நிறத்தில் சின்னச் சின்னத் தடிப்புகள். டாக்டர் முகம் மலர்ந்தது. ஒருவர் உடம்பில் உள்ள தடிப்பைப் பார்த்து இன்னொருவர் சந்தோஷப்படுவதை அன்றுதான் பார்த்தேன். நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிக்கொண்டு, விளக்கை இழுத்து, வாய் முழுவதையும் பார்த்தார். இடது கன்னம், ஈறு, நாக்கின் ஓரம். வலது கன்னத்தை விலக்கியதும், "இந்தப் பக்கமும் அதே மாதிரி இருக்கே. பார்க்கலியா?" என்றார்.

"அங்க ஆணி வைக்கிறதில்லையே. அதனால பாக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒலிபெருக்கி என் காலை மிதித்தாள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆணி உரசினா உரசற இடத்துலதான் தடிக்கும். உங்களுக்கு ரெண்டு கன்னத்துலயும் ஒரே பின்னல். கையிலயும் தடிப்பு. எனக்கென்னவோ இது உடம்பே தனக்குத்தானே பண்ணிக்கிற வேலைன்னு தோணுது. நம்ம உடம்புக்குள்ள காவலுக்கு ஒரு கூட்டம் இருக்கு. வெளியிலேருந்து கிருமி வந்தா அடிக்கும். சில பேருக்கு அதுக்கு ஆள் அடையாளம் தப்பிப் போயிடும். திருடன்னு நெனைச்சு வீட்டுக்காரனையே போட்டு அடிக்கும்."

"அப்ப கேன்சர் இல்லியா?" ஒலிபெருக்கியின் குரல் அந்த அறைக்குப் பெரியதாக இருந்தது.

"பார்க்கிறதுக்கு அப்படித் தெரியலம்மா. ஆனா கண்ணால பார்த்துட்டு இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தச் செவந்த இடத்துல துளி எடுத்துப் பாத்துடுவோம்."

அன்றைக்கே எடுத்தார்கள். எங்களைத் திரைக்கு வெளியே நிறுத்தினார்கள். திரைக்கு ஒரு இடைவெளி இருந்தது, அது என் குற்றமில்லை. மரத்துப் போக ஊசி போட்டபோது குஷன்காரரின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் விறைத்து நின்றன. எடுத்து முடித்து, தைக்க டாக்டர் ஊசியைத் தூக்கினார். பிறை மாதிரி வளைந்த ஊசி. அதைப் பார்த்ததும் கட்டைவிரல்கள் தளர்ந்தன.

"இது நம்ம ஊதியாச்சே" என்றார் மரத்த வாயால்.

"என்ன?"

"வளைஞ்ச ஊதி. சோபா மூலைக்கு நாங்க இதான் போடுவோம். முடிச்சை எங்க மறைப்பீங்க?"

"மறைக்க மாட்டேன். ஒரு வாரத்துல பிரிக்கணும். பேசாம இருங்க, கை ஆடுது."

சதைத் துளி இரண்டு குப்பிகளில் போனது. அதைப் பார்த்ததும் ஒலிபெருக்கி நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ரெண்டு பாட்டில் எதுக்கு? ரெண்டு வியாதியா?" நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். ஒன்று கேன்சர் இருக்கிறதா என்று பார்க்க. இன்னொன்று அந்தக் காவல் கூட்டம் எந்த இடத்தில் நின்று அடிக்கிறது என்று பார்க்க. இதே மாதிரி வாயில் ஆரம்பித்து உடம்பெல்லாம் கொப்புளம் கிளப்புகிற வேறு நோயும் உண்டாம், அது இல்லை என்றும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். "தெரியாமக் கேட்டுட்டேன்" என்றாள் ஒலிபெருக்கி, முகம் வெளுத்து.

முடிவு வருகிற வரைக்கும் எங்கள் தெரு ஒரு மாதிரி ஆகிவிட்டது. குஷன்காரர் தையல் வலிக்கிறதென்று பேசவில்லை. தையல் பிரித்த பிறகும் பேசவில்லை. ஒலிபெருக்கியும் பேசவில்லை. டக், டக் சத்தமும் மெதுவாக, நடுநடுவே நின்று நின்று வந்தது. தெருவுக்கே காது அடைத்த மாதிரி. எனக்குக் கை பரபரத்தது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அந்தச் சிவப்புப் பூவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். கீழே அவர் அண்ணாந்து பார்ப்பார். இரண்டு புருவமும் ஏறும். அவ்வளவுதான்.

"என்ன, உன் ஆள் மறுபடி ஊமையாயிட்டான் போல" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"வாயை மூடுங்க" என்றேன். என் குரலில் எதையோ கேட்டு, அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்ன என்று விசாரித்தார். சொன்னேன். அன்று மாலை அவர் அந்தப் பக்கம் போய், கடை வாசலில் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. அவரைப் பற்றி நான் சொல்கிற நல்லதில் இது ஒன்று.

முடிவு சொல்கிற நாளும் வந்தது. மறுபடி மூன்றாவது மாடி, அதே பெஞ்சு. குஷன்காரர் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மனைவி அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள், அவர் எங்கேயோ ஓடிவிடுவார் என்பது போல. டாக்டர் கதவைத் திறந்து கூப்பிட்டார். கையில் பாதி கடித்த பிஸ்கட். கெட்ட செய்தி சொல்லப் போகிறவர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் வருவார் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பாதி பிஸ்கட்டை நம்பித்தான் நான் உள்ளே போனேன்.

"கேன்சர் இல்ல" என்றார் டாக்டர், உட்காருவதற்கு முன்பே. "கேன்சரா மாறப்போற மாதிரி அறிகுறியும் அந்தச் சதையில இல்ல. அந்தக் கொப்புளம் வர்ற நோயும் இல்ல. இதுக்குப் பேர் லைக்கன் பிளானஸ்."

"பேரே பயமா இருக்கே" என்றாள் ஒலிபெருக்கி.

"பேர்தான் பெருசும்மா. தொத்தாது. ஒரேயடியா போகாது, ஆனா அடக்கி வைக்கலாம். தடவ மருந்து தர்றேன், செவப்பு ஆறும், எரிச்சல் குறையும். காரம், புளிப்பு, கொதிக்கிற காப்பி கொஞ்ச நாளைக்கு வேணாம். கைக்கும் மருந்து இருக்கு." பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டு விரலை ஆட்டினார். "ஆனா ஒண்ணு. இது இருக்கறவங்கள்ல நூத்துல ஒருத்தருக்கு, பல வருஷம் கழிச்சு, அந்த இடம் கெட்டதா மாறலாம். உங்களுக்கு மாறும்னு சொல்லல. மாறினா முளையிலயே பிடிச்சிடலாம்னு சொல்றேன். அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து வாயைக் காட்டணும். நடுவுல கட்டியா தடிச்சா, ஆறாத புண்ணு வந்தா உடனே வரணும். புகையிலை பக்கமே போகக் கூடாது."

"ஆணி?"

"ஆணியால இது வரல. இருந்தாலும் புண்ணு இருக்கற வாய்ல இரும்பைப் போட்டு உரசாதீங்க. முழுங்கினா அது வேற தலைவலி. விட்டுடுங்க."

அவர் தலையை ஆட்டினார். பிறகு சின்னக் குரலில், "நாக்கு?" என்றார்.

"நாக்குக்கென்ன? நாக்கு இருக்கும்."

குஷன்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒலிபெருக்கி அந்தத் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், பிறகு அதே இடத்தைத் தடவினாள், மறுபடி அடித்தாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி இல்லாத எதையோ பார்த்தார். நானும் அந்த ஜன்னலையே பார்த்தேன். வாழ்க்கையில் நான் பார்க்க மறுத்த காட்சி அது ஒன்றுதான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பாதி வழிவரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயையோ."

"என்னங்க? வலிக்குதா?"

"மளிகைக்கடைக்காரர்கிட்ட அவர் பையன் பாட்டைப் பத்திச் சொல்லிட்டேனே."

எங்கள் இருவருக்கும் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நாக்கு போய்விடும் என்ற தைரியத்தில் மனுஷர் பல வருஷமாக மனதில் இருந்ததையெல்லாம் அவிழ்த்து விட்டிருக்கிறார். இப்போது நாக்கும் இருக்கிறது, தெருவும் இருக்கிறது, அதே கடையில்தான் நாளைக்குச் சர்க்கரை வாங்க வேண்டும்.

"அந்தத் தையல் பொண்ணுகிட்ட காலர் வராதுன்னு..."

"நிஜமாவே வராது, விடுங்க" என்றேன்.

"உங்ககிட்ட கத்திரிக்கோலைப் பத்தி..."

"அதை நான் கேக்கவே இல்ல தம்பி."

ஒலிபெருக்கி ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ கேட்பது போல, "என்கிட்ட சொன்னது?" என்றாள்.

"எது?"

"சிரிச்சா என்னமோன்னு."

பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்து நிமிர்ந்தது. "அதை வாபஸ் வாங்கறதா இல்ல" என்றார் அவர்.

அவள் அதற்குப் பிறகு இறங்குகிற இடம் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. எங்கள் தெரு ஒலிபெருக்கியை அத்தனை நேரம் அணைத்து வைக்க அந்த ஒரு வாக்கியத்தால்தான் முடிந்திருக்கிறது.

இப்போது ஆணிகள் அவர் நெஞ்சில் இருக்கின்றன. பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி, துணியில் பொதிந்து, சட்டைப் பைக்குள் அவள் தைத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு பிடி ஆணியை அள்ளி நெஞ்சில் அப்பினால் எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, போரில் வென்றவர் பதக்கம் மாட்டிக்கொண்ட மாதிரி. வேகம் பழையபடி வந்துவிட்டது. வாய் காலியாக இருக்கிறதா, பேச்சு நிற்பதில்லை. முக்காலியை வாங்கப் போனால் விலைவாசியில் ஆரம்பித்து என் பூத்தொட்டிக்கு என்ன உரம் போடலாம் என்பதுவரை கேட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னால், அவர் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டால் சில நாள் நான் திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறேன்.

"இந்த மனுஷன் வாயை மூட ஒரு வழி சொல்லுங்கக்கா" என்கிறாள் ஒலிபெருக்கி.

வழி அவளிடமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளிச்சம் நன்றாக விழுகிற கடை வாசலில், அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து அண்ணாந்து பார்க்கச் சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்றார்கள். இவளுக்கு வாரம் ஒரு தடவை பார்க்காவிட்டால் ஆகாது.

"ஆ காட்டுங்க."

"நேத்து அந்த சோபாக்காரர் வந்து..."

"ஆ!"

டார்ச் வெளிச்சம் உள்ளே போகிறது. இடது கன்னம். அப்புறம் வலது கன்னம், அதை மறப்பதே இல்லை. நாக்கைத் தூக்கு, இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு. ஒன்றும் தடிக்கவில்லை, சிவப்பு முக்கால்வாசி ஆறிவிட்டது. மேலே இருந்து எனக்கே தெரிகிறது.

அது ஒரு நிமிஷம். எங்கள் தெரு அமைதியாக இருப்பது அந்த ஒரு நிமிஷம்தான். ஞாயிற்றுக்கிழமை காப்பியை நான் அதற்கென்றே எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலில் உட்காருகிறேன்.